மூன்று கைக்காரன்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றுகிறேன் என்று என் மனைவி கல்யாணமான முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அப்படிப்பட்ட ஆள், துபாய் ஜெபல் அலியில் ஓவியங்களைப் பத்திரப்படுத்தும் ஒரு குளிர்க்கிடங்கில், ஒரே தாளை அரை மணி நேரம் உற்றுப் பார்க்கும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் அந்த நாற்காலியில் நான் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

வேலை இதுதான். இங்குள்ள அருங்காட்சியகங்கள் கண்காட்சிகளுக்காக வெளிநாட்டிலிருந்து படங்களை இரவல் வாங்குகின்றன. அவை பெட்டி பெட்டியாக எங்கள் கிடங்கில் வந்து இறங்கும். கொடுத்தவர்கள் அனுப்பிய விவரத்தாளையும் படத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு, எங்கே கறை, எங்கே கிழிசல், எங்கே மடிப்பு என்று நான் படிவத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று ‘முன்பே உள்ளது’, மற்றது ‘புதிது’. நான் எதில் டிக் அடிக்கிறேன் என்பதைப் பொறுத்து யாரோ ஒருவருக்குத் தலைவலி வரும், அல்லது வராது. ஊரில் சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க முடியாமல், ‘கம்பெனியில் செக்கிங் வேலை’ என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு பீங்கான் ஜாடியின் விரிசலை ‘முன்பே உள்ளது’ என்று குறித்துவிட்டேன். அது முன்பே உள்ளதல்ல. மூன்று மாதம் பதில் எழுதியே என் ஆவி போயிற்று. அன்றிலிருந்து எனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால் ‘புதிது’. விவரத்தாளில் இல்லையா, ‘புதிது’. பழியை யாராவது நம் தலையில் கட்டுவதற்குள் இன்னொருவன் தலையில் இறக்கிவிட வேண்டும். இதை நான் கவனம் என்று சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

எங்கள் கிடங்கில் ஒரு கார்பெண்டர் இருந்தான். புதுக்கோட்டைப் பக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். நான் கடற்கரை முஸ்லிம் என்பதால் முதல் நாளே என்னைப் ‘பாய்’ ஆக்கிவிட்டான். படங்கள் போகவும் வரவும் தேவையான மரப்பெட்டிகளை அவன்தான் செய்வான். சிலையோ சட்டமோ, அதன் உருவத்துக்கு ஏற்றபடி பலகையிலும் ஃபோமிலும் பள்ளம் வெட்டுவான். முதலில் தாளில் வரைவான். பிறகு பார்த்தால் அதே கோடு பலகையில் இருக்கும். இங்கிருந்து அங்கே எப்படிப் போகிறது என்று நான் நின்று பார்த்ததில்லை. நின்று பார்க்க எனக்கு ஏது பொறுமை.

அந்த மாதம் அவன் ஒரு மிதப்பில் இருந்தான். ஃபோர்மேன் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். சம்பளம் ஒரு படி ஏறினால் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கல்யாணமாகி ஆறு வருடத்தில், லீவு நாட்களையெல்லாம் சேர்த்தாலும் அவனும் அவன் மனைவியும் ஒரு வருடம்கூட ஒன்றாக இருந்ததில்லை. ஃபோர்மேன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வரும் என்று பேச்சு. அவனோ அதற்கு முன்பே ஷார்ஜா ரோலாவில் ஓர் ஒற்றை அறை எடுத்துவிட்டான். கழித்துப்போட்ட பெட்டிப் பலகைகளை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, லீவு நாட்களில் அங்கே போய்க் கட்டில் செய்துகொண்டிருந்தான். டபுள் கட்டிலா என்று கேட்டு எல்லாரும் அவனை ஓட்டினோம். வெட்கப்பட்டுக்கொண்டே அளவு சொன்னான்.

வியாழக்கிழமை அந்தப் படம் திறக்கப்பட்டது. இத்தாலியிலிருந்து வந்தது. ஐந்நூறு வருடம் பழையது என்றார்கள். வரைந்தவர் பெயர் தெரியாது, ஏதோ ஒரு பட்டறை என்று மட்டும் போட்டிருந்தது. அச்சுப்படம் ஒன்று செய்வதற்கு முன்னால், அதில் வரப்போகும் ஒரு மனிதனை மட்டும் தனியாக வரைந்து பார்த்த தாள். அந்த அச்சுப்படத்தின் ஒரு பிரதி வேறோர் ஊரிலிருந்து முந்தின வாரமே வந்து, நான் சரிபார்த்து, அலமாரியில் ஏறிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டப்போகிறார்கள்.

வெளிப்பெட்டியைத் திறப்பது கார்பெண்டர் வேலை. உள்ளே இருக்கும் பொட்டலத்தைப் பிரிப்பது என் வேலை. அதுதான் விதி. அன்று பெட்டியின் திருகாணிகளை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். எனக்குக் கால் பரபரத்தது. கிடங்குக்குள் டீ கொண்டுவரக் கூடாது, வெளியே போய்த்தான் குடிக்க வேண்டும்.

“டேப்ப வெட்டித் தொறந்து வைய்யி, நான் ரெண்டு நிமிசத்துல வந்துருதேன்” என்றேன்.

“நான் வெட்டலாமா பாய்?”

“நான் சொல்லுதேன்ல.”

ரெண்டு நிமிஷம் பத்து நிமிஷம் ஆனது. திரும்பி வந்தபோது பொட்டலம் பிரிந்திருந்தது. படம் வைத்த மடிப்பு அட்டை மேஜை நடுவில் இருந்தது. அவன் கையுறையோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்கூலில் நிற்பவன் மாதிரி இரண்டடி தள்ளி நின்றான். “டேப்ப மட்டும்தான் வெட்டினேன். அட்டையத் தொறக்கல” என்றான்.

அட்டையை நான் திறந்தேன். காவிக்கல்லால் வரைந்த ஓர் ஆள். இடுப்பில் ஒரு துணி மட்டும். தரையிலிருந்து கனமான எதையோ இழுத்துத் தூக்குகிறவன் மாதிரி குனிந்து, உடம்பை ஒரு பக்கமாகத் திருகியிருந்தான். ஒரு கால் முடிக்கப்பட்டிருந்தது, மற்றது கணுக்காலோடு காணாமல் போயிருந்தது. இடது கை மட்டும் மூன்று. ஒன்று கீழே தொங்கியது, ஒன்று முன்னால் நீண்டது, ஒன்று தலைக்கு மேலே போனது. வரைந்தவருக்கு எந்தக் கையை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு அழிக்காமல் விட்டிருந்தார். எனக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போயிற்று. இவனுக்கும் இருப்புக் கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிடித்துப்போனதோடு நிறுத்தியிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் தாழப் பிடித்தேன். இப்படிப் பிடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். தோளருகே ஒரு பள்ளக் கோடு தெரிந்தது. மழுங்கிய முனையால் அழுத்தி இழுத்தது போல. முழங்கையருகே இன்னொன்று. தொடையில் ஒன்று. இத்தாலிக்காரர்கள் அனுப்பிய ‘குறைகள்’ பக்கத்தைப் புரட்டினேன். மூலையில் ஒட்டுப்போட்டது இருந்தது, பழுப்புப் புள்ளிகள் இருந்தன. பள்ளக் கோடு எதுவும் இல்லை. அவர்கள் அனுப்பிய போட்டோவிலும் இல்லை. அது நேர் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ, அதில் எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தாளைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தால், கரியைத் தேய்த்தது போல அழுக்கு. அதுவும் அந்தக் குறைகள் பக்கத்தில் இல்லை.

டார்ச்சை நகர்த்தி நகர்த்தி, துண்டு துண்டாகப் பார்த்து, ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டேன். ஏழு கீறல்கள், ஓர் அழுக்கு. எல்லாவற்றுக்கும் ‘புதிது’. ஏழையும் சேர்த்து ஒரு தடவை முழுதாகப் பார்த்திருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும். பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் மேனேஜர் வந்துவிட்டார். பம்பாய்க்காரர், கத்த மாட்டார். கத்தாமல் இருப்பதுதான் பயமாக இருக்கும். “பொட்டலத்தை யார் திறந்தது?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“கார்பெண்டர் திறந்தான்” என்றேன்.

பொய் இல்லை. நான்தான் திறக்கச் சொன்னேன் என்கிற அடுத்த வாக்கியம் வாய்வரை வந்தது. ஜாடி விரிசலும் அந்த மூன்று மாதமும் கண்முன் நின்றன. வாக்கியம் உள்ளேயே தங்கிவிட்டது.

இன்ஷூரன்ஸுக்கு எழுத வேண்டும், படத்துக்குப் பொறுப்பாளரான அம்மா ஒருவர் இத்தாலியிலிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் வருகிறார், அதற்குள் அந்த ஆளிடம் விளக்கக் கடிதம் வாங்கிக் கொடு என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். வளைகுடாவில் வேலை செய்தவர்களுக்கு விளக்கக் கடிதம் என்றால் என்னவென்று தெரியும். நடந்ததை விளக்குவதற்கு இல்லை அது. தப்பு செய்தேன், மன்னியுங்கள், இனி செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் ஃபைலில் போட்டு மூடிவிடுவார்கள். மறுத்து எழுதினால்தான் விசாரணை, இழுபறி. தொழிலாளர் கேம்பில் பழைய ஆட்கள் புது ஆட்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான். செய்தாயோ இல்லையோ, சாரி சொல்லிவிட்டு வேலையைப் பார்.

பட்டறையில் அவனிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த ரம்பத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

“நான் அட்டையத் தொடவே இல்லியே பாய்.”

“தொட்டியோ இல்லியோ, இப்ப அது பிரச்சின இல்ல. ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துரு. மறுத்தியன்னா இழுத்துக்கிட்டே போவாங்க. ஒன் லெட்டர் வேற திங்கக்கெழம வரணும்லா.”

“அப்ப நாந்தான் பண்ணேனா?”

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத இப்போதும் கூசுகிறது. “பின்ன யாரு பண்ணுவா?” என்றேன்.

ஆங்கிலத்தில் நானே கையால் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பொட்டலத்தைப் பிரித்தபோது என் கவனக்குறைவால் தாளில் அழுத்தம் பட்டுக் கீறல்கள் விழுந்துவிட்டன, மனம் வருந்துகிறேன், தயவுசெய்து மன்னியுங்கள். அவன் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, “தேங்ஸ் பாய்” என்றான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் வேலை. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டார். கடிதம் அவர் மேஜையில் இருந்தது. “கவனக்குறைவு என்று அவனே எழுதியிருக்கிறான். இவனை எப்படி ஃபோர்மேன் ஆக்குவது? அவன் பெயரை நிறுத்திவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் வேறு ஆள் பெயரை ஹெட் ஆபீசுக்கு அனுப்பிவிடுவேன்” என்றார். தலையை ஆட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்றுகூட மனதில் பதியவில்லை.

சனிக்கிழமை வீட்டில் என்னை யாரும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பால்கனிக்குப் போனேன், ஃபிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன், மறுபடி பால்கனி. மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “டாட், ப்ளீஸ் சிட்” என்றாள். மனைவி அடுக்களையிலிருந்து வெளியே வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போனதை விட்டுவிட்டுச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

“அந்தப் புள்ளட்ட நீங்க கேட்டியளா, நீ செஞ்சியான்னு?”

“அதான் எழுதிக் குடுத்துட்டானே.”

“எழுதினது நீங்கல்லா. அவன்ட்ட கேட்டியளான்னு கேக்கேன்.”

கேட்கவில்லை. அவன்தான் என்னைக் கேட்டான். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஷார்ஜா ரோட்டில் சனிக்கிழமை நெரிசல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் போகும் வண்டியை ஹாரன் அடித்தே தள்ளிவிடலாம் என்பது போல அடித்துக்கொண்டு போனேன். போய் என்ன சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

ரோலாவில் நான்காவது மாடி. கதவு திறந்திருந்தது, மரத்தூள் வாசனை. அறை முழுவதையும் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டிப் பலகையா இது என்று ஆச்சரியப்படும் அளவுக்கு இழைத்திருந்தான். தலைமாட்டுப் பலகையில் ஒரு கொடி, கொடியில் இரண்டு கிளிகள், ஒன்றை ஒன்று பார்த்தபடி. ஒரு கிளி செதுக்கி முடிந்திருந்தது. இன்னொன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, தூசி தட்டி, உட்காரக் கட்டிலின் விளிம்பைக் காட்டினான்.

“லெட்டர் வராது பாய், தெரியும். கீழ் வீட்டு மலையாளி கட்டில வெலைக்குக் கேக்குறாரு. அரையும்குறையுமா எப்படிக் குடுக்கறது? அதான் முடிச்சிரலாம்னு.”

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். அங்கே ஒரு தாள் கிடந்தது. கிளிப் படம். பென்சிலில் வரைந்திருந்தான். கழுத்து சரியாக அமையாமல் மூன்று கழுத்து போட்டிருந்தான். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று சாய்ந்தது, ஒன்று பின்னால் திரும்பியது. எதையும் அழிக்கவில்லை.

தாளை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. சாய்ந்த கழுத்தின் மேல் மட்டும் ஒரு பள்ளக் கோடு ஓடியது. கழுத்திலிருந்து இறங்கி, சிறகைச் சுற்றி, வால் நுனிவரை. மற்ற இரண்டு கழுத்துகளின் மேல் ஒன்றும் இல்லை. திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் காவியைத் தேய்த்து அழுக்காக இருந்தது.

“இது என்னது?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“எது? ட்ரேஸ் எடுத்தது. பின்னாடி காவியத் தேய்ச்சிட்டு, பலகை மேல வச்சி, காலி ரீஃபிலால கோட்டு மேலயே அழுத்தி இழுத்தா கீழ பதிஞ்சிரும். கெடங்குல தெனமும் பண்றதுதானே பாய். நீங்க பாத்ததில்லியா?”

“மூணு கழுத்துல ஒண்ணுமேல மட்டும் ஏன் இழுத்திருக்க?”

இதென்ன கேள்வி என்பது போலப் பார்த்தான். “அதானே நல்லா இருந்துச்சு.”

வியாழக்கிழமை நான் போட்ட எண்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தோள், முழங்கை, மணிக்கட்டு. எல்லாமே தலைக்கு மேலே போன கையில். தொங்கிய கையில் கீறல் இல்லை, நீண்ட கையில் கீறல் இல்லை. ஏழும் ஏழு கீறல்கள் அல்ல, அந்த ஆளைச் சுற்றிப் போன ஒரே கோடு. மூன்று கையில் ஒன்றைப் பிடித்துப்போய், பின்பக்கம் கரியைத் தேய்த்துவிட்டு, செப்புத் தகட்டின் மேல் வைத்து அழுத்தி இழுத்திருக்கிறார் வரைந்தவர். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் நடந்த அந்த வேலைக்குப் புதுக்கோட்டைக்காரனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சொன்னேன். தடுமாறித் தடுமாறித்தான் சொல்ல முடிந்தது. அவன் உளியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

“அப்ப அது கீறல் இல்லியா?”

“இல்ல.”

“நான் பண்ணல.”

“நீ பண்ணல.”

கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்தான். உளியைக் கீழே வைத்தான். பிறகு, “நான் தொடலன்னு எனக்கு நல்லாத் தெரியும் பாய்” என்றான். “ஆனா நீங்க இங்கிலீஸ்ல எழுதுனதப் பாத்ததும், தெரியாம கை பட்டிருக்குமோன்னு ஆயிடுச்சு. ரெண்டு நாளா டேப்ப வெட்டுன அந்தக் கத்தியையே எடுத்து எடுத்துப் பாக்குறேன். வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன், நாந்தான் கெடுத்துட்டேன்னு.”

நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. அவன் எதிரே அழுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று எழுந்துவிட்டேன். டீ தரட்டுமா என்று கேட்டான். டீ என்றதும் உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்குக்குப் போனேன். செக்யூரிட்டியிடம் மறந்துபோன சாமான் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன். முதலில் அச்சுப்படத்தை எடுத்தேன். ஒரு கூட்டம், கயிறு, தூண், நடுவில் நம் ஆள். முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. தகட்டில் வெட்டியதை அச்சடித்தால் இடம் வலமாகும், கார்பெண்டரின் இரண்டு கிளிகள் மாதிரி. கை தலைக்கு மேலே. பிறகு இத்தாலிக்காரர்கள் அனுப்பிய தாள்களை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். பதினோரு வருடத்தில் முதல் பக்கத்தை நான் ஒழுங்காக வாசித்தது அன்றுதான் முதல் தடவை. அதில் குறை எதுவும் இருக்காது, படத்தின் பெயர், அளவு, செய்த விதம் என்று இருக்கும், அதனால் நேரே குறைகள் பக்கத்துக்குத் தாவிவிடுவேன். செய்த விதம் என்ற இடத்தில் தெளிவாக இருந்தது: சிவப்புச் சாக் கட்டி, எழுத்தாணியால் கோடுகள் அழுத்தப்பட்டுள்ளன, பின்புறம் கருப்புச் சாக் கட்டி தேய்க்கப்பட்டுள்ளது. அவர்களைப் பொறுத்தவரை அது குறையே இல்லை. ஆகவே குறைகள் பக்கத்தில் எழுதவில்லை.

இப்போது நான் செய்ய வேண்டியது என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன், எழுந்தேன், கிடங்கை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மனம் ஒரு சப்பைக்கட்டு கட்டியது. திங்கட்கிழமை சாயங்காலம் அந்த அம்மா வந்ததும் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார், கீறல் இல்லை என்று ஆகிவிடும், உன் டிக் ஒரு சின்னப் பிசகாகப் போய்விடும், நீ ஏன் முந்திக்கொள்ள வேண்டும். ஆனால் மேனேஜர் காலையிலேயே வேறு பெயரை அனுப்பிவிடுவார். சாயங்காலம் படம் தப்பிக்கும், அவன் தப்ப மாட்டான். அந்தக் கடிதம் அப்படியே இருக்கும்.

நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தேன். ஐந்தாவது தடவை சுருக்கமாக எழுதினேன். பொட்டலத்தைத் திறக்கச் சொன்னது நான். அப்போது நான் அங்கே இல்லை. கோடுகள் பழையவை, விவரத்தாளின் முதல் பக்கத்தில் இருக்கின்றன, நான் வாசிக்கவில்லை. அவனுடைய கடிதத்தை எழுதியது நான், அதில் உள்ளது உண்மை அல்ல. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அனுப்பிய பிறகு மேனேஜருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, மெயிலைப் பாருங்கள் என்றேன்.

திங்கட்கிழமை காலை அவர் ஃபோர்மேன் பெயரை அனுப்பவில்லை. அந்த அம்மா வரட்டும் என்றார். சாயங்காலம் அம்மா வந்தார். டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து, என் ஏழு எண்களையும் பார்த்துவிட்டு, சிரிக்காமல் இருக்க முயன்றார். இந்தக் கோடு இருப்பதால்தான் இந்தத் தாளுக்கு மதிப்பு, மூன்று கைகளில் எதை வரைந்தவர் தேர்ந்தெடுத்தார் என்று இதுதான் காட்டுகிறது என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். கார்பெண்டர் என்றேன். இந்தத் தடவை அது முழு உண்மை.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஃபோர்மேன் கடிதம் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது. ஆறு மாதத்துக்கு என் ரிப்போர்ட்டில் இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான ஒரு பெண் என் டிக்குகளைத் திருத்துகிறாள். சரியாகத்தான் திருத்துகிறாள். மேனேஜர் ஃபைலிலிருந்து அந்த மன்னிப்புக் கடிதத்தை உருவி என்னிடம் நீட்டினார். “கிழித்துப் போடு. கலாஸ், முடிந்தது” என்றார்.

நான் கிழிக்கவில்லை. அதைக் கிழிக்கும் உரிமை அவனுக்குத்தான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அவன் கிழிப்பதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். பட்டறைக்குப் போய்க் கொடுத்தேன். அவன் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மறுபடி எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தான். பிறகு நாலாக மடித்துத் தன் டூல்பாக்ஸில், உளிகளுக்குக் கீழே வைத்தான்.

“கிழிச்சிரு” என்றேன்.

“இருக்கட்டும் பாய்.”

“எதுக்கு?”

“அடுத்த தடவ நீங்க எதையாவது எழுதிக் குடுத்து கையெழுத்துப் போடச் சொன்னீங்கன்னா, அதுக்கு முன்னாடி இத எடுத்து ஒருவாட்டி படிச்சிக்கிறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் எந்த மரம் வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். அடுத்த மாதம் அவன் மனைவி வந்தபோது விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம், திரும்பும்போது பின் சீட்டில் இருவரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவன் அடுத்த பெட்டிக்கு அளவெடுக்கப் போன பிறகும், நான் பட்டறையை விட்டு நகரவில்லை. அவன் தாளின் பின்பக்கம் காவியைத் தேய்த்தான், பலகையில் வைத்தான், ரீஃபிலை எடுத்து அழுத்தி இழுக்க ஆரம்பித்தான். முழுக் கோடும் முடியும்வரை நின்று பார்த்தேன்.